ஓடைத்தெருவைத் தள்ளி வரைந்த படம்

இருங்க மாப்ள, வெயில்ல நிக்காதீங்க, இப்படிப் பனிக்காத்து அடிக்கிற பக்கமா வந்து உக்காருங்க. எங்கண்ணன் மகளுக்கு மூணு முடிச்சுப் போட்டாச்சு, இனிமே நீங்களும் இந்த வெயிலுகந்தபுரத்து ஆளு, ஊர்க்கதை உங்களுக்கும் தெரியணும். வேற எவனாவது அரைகுறையாச் சொல்லி நீங்க எங்களைத் தப்பா நினைச்சிரக்கூடாது பாருங்க, அதுக்காகத்தான் சின்ன மாமனாரு நானே சொல்றேன்.

எங்க ஊர் வெயில் லேசுப்பட்டதில்ல. அம்மனுக்கே வெயிலுகந்தாள்னுதான் பேரு, தலைக்கு மேல கூரை போட விடமாட்டா. அப்படிப்பட்ட ஊர்ல, ஒரு சித்திரை மாச உச்சிப்பொழுதுல, பொம்பளைக மொட்டை மாடியில வத்தல் காயப்போட்டுக் காக்கா விரட்டிக்கிட்டு இருக்கையில, ஆம்பளைக வேப்பமரத்தடியில துண்டை விரிச்சுக் கண்ணசந்து கெடக்கையில, தென்துருவத்துப் பனியில ஒரு பாளம், பனைமர உசரத்துக்கு, நம்ம ஊரணியைப் போல மூணு மடங்கு அகலத்துக்கு, சத்தமே இல்லாம வந்து ஓடைத்தெரு மேல உக்காந்துச்சு. விழுந்துச்சுன்னு சொன்னா பொய். முட்டை மேல கோழி உக்காருமே, அந்தப் பதனத்துல உக்காந்துச்சு. ஒரு ஓடு உடையல, ஒரு நாய் குலைக்கல.

ஓடைத்தெருன்னா எங்க தெருக்களுக்குக் கிழக்கே, ஓடையை ஒட்டி இருக்கிற தெரு. சாவு விழுந்தா கொட்டடிக்க, செத்த மாட்டை இழுத்துப் போட, சாக்கடை அள்ள, களத்துல நெல்லு தூத்த, எல்லாத்துக்கும் ஆளு அங்கிருந்துதான் வரணும். அந்தக் காலத்துல எங்க தேரடித் தெருவுக்கும் அவங்க தெருவுக்கும் நடுவுல ஒரு கூப்பிடு தூரம் சும்மா கெடக்கணும்னு பெரியவங்க வச்சிருந்தாங்க. இங்கிருந்து கூப்பிட்டா அங்க கேக்கணும், அங்கிருந்து காத்து இங்க வரக்கூடாது, அதான் கணக்கு. பிறகு அவங்களுக்குப் பிள்ளைகுட்டி பெருகி, வீட்டோட வீடு ஒட்டி, அந்த எடைவெளியையும் அடைச்சு, கடைசியில எங்க கொல்லைச் சுவத்துல வந்து முட்டிக்கிட்டு நின்னாங்க. கேட்டா, "நாங்க வேற எங்க சாமி போறது"ம்பாங்க. பனி சரியா அந்தக் கொல்லைச் சுவத்துல ஆரம்பிச்சு, தெரு மொத்தத்தையும் மூடி, ஓடையையும் தாண்டி, அந்தப்பக்கத்துக் கருவேலங்காட்டுலயும் கொஞ்சத்தை மூடிக்கிட்டு நின்னுச்சு.

அன்னைக்கு வெளியில வேலைக்குப் போனவங்கதான் மிஞ்சினாங்க. அதுல ஒருத்தி சீனியம்மா. நம்ம கோயில் தர்மகர்த்தா குருபாதம் இருக்காரே, ரைஸ்மில் வச்சிருக்கிறவரு, அவரு மில்லுல தூத்துற வேலை அவளுக்கு. வீடு ஓடைக்கரையில கடேசி வீடு. புருசன் போய்ச் சேர்ந்துட்டான். ஒரே ஒரு பொம்பளைப் பிள்ளை, அழகுராணி, அஞ்சாறு வயசு. தூங்குற பிள்ளையை எழுப்ப மனசில்லாம, பழைய சேலையைப் போத்திவிட்டுட்டு வேலைக்கு வந்திருக்கா. விசயம் கேட்டு ஓடியாந்தவ அந்தப் பனிச்சுவத்துல தலையைக் கொண்டுபோய் மோதுனா பாருங்க மாப்ள, ஐயோ! நாங்க ஒண்ணும் கல்லு மனசுக்காரங்க இல்ல.

எங்களால ஆனதை நாங்களும் செஞ்சு பார்த்தோம். கடப்பாரையைப் போட்டா கடப்பாரை ஒட்டிக்கிச்சு. அண்டா அண்டாவா வெந்நீரை ஊத்தினா ஊத்தின தண்ணியும் பனியாகிச் சேர்ந்துக்கிச்சு. தீயணைப்பு வண்டி வந்து சுத்திப் பார்த்துட்டு, இங்க தீ இல்லையேன்னு போயிருச்சு. அப்பத்தான் எவனோ பனியில காதை வச்சுக் கேட்டிருக்கான். உள்ள உலக்கை இடிக்கிற சத்தம், பிள்ளைக வாய்ப்பாடு சொல்ற சத்தம், ரெண்டு பொம்பளைக குடத்துக்கும் குழாய்க்கும் சண்டை போடுற சத்தம், எல்லாம் ஆழத்துல இருந்து மசமசன்னு வருது. வரிசையா நின்னு ஒவ்வொருத்தராக் காதை வச்சுக் கேட்டோம். "அட, நல்லாத்தானப்பா இருக்காங்க!"ன்னாரு குருபாதம். அந்த ஒரு சொல்லு எங்க வயித்துல பாலை வாத்துச்சு. அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டோம்.

பிறகு ஊரு பழகிக்கிச்சு, பழகாம என்ன செய்யும்? தேரடித் தெருவுல சித்திரையில போர்வை போத்திப் படுத்தோம். வச்ச தயிர் புளிக்கல, பறிச்ச பூ வாடல. பக்கத்து ஊர்ல பொண்ணு தரமாட்டேன்னவங்கல்லாம் எங்க ஊருக்கு வாக்கப்பட்டா பிள்ளை வேகாம இருக்கும்னு தேடி வந்து தந்தாங்க. தூத்துக்குடிப் படகுகளுக்கு மீன்ல போட ஓரத்துப் பனியை வாள் வச்சு அறுத்து லாரி லாரியா அனுப்புனோம், அறுத்த இடம் மறுநாளே வளர்ந்துரும். அம்மனுக்குக் குளிருமே, கம்பளி போத்தலாமான்னு சன்னிதியில பூக்கட்டிப் பார்த்தோம், வெள்ளைப் பூ வந்துச்சு, அவளும் சரின்னுட்டா. உள்ள இருக்கிறவங்களுக்கு ரேஷன் அரிசி மாசாமாசம் வந்துச்சு, அதை யாரு வாங்கித் தின்னாங்கன்னு கேக்காதீங்க. தேர்தல் வந்தப்ப ஓடைத்தெரு ஓட்டு ஒண்ணு குறையாம விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சுன்னும் கேக்காதீங்க. ஒரே ஒரு குறைதான். எங்க பெரியப்பா செத்தப்ப கொட்டடிக்க ஆளில்லாம செல்போன்ல கொட்டுச் சத்தத்தைப் போட்டுத் தூக்கிட்டுப் போனோம், சம்பந்திமாரு முன்னால மானம் போச்சு. சாக்கடை அடைச்சுத் தெருவெல்லாம் நாறுச்சு. அப்ப வந்துச்சு பாருங்க எங்களுக்குக் கோவம், "வேலைவெட்டி இல்லாம குளுகுளுன்னு உள்ள கெடக்கிறாங்க, நாம இங்க நாத்தத்துல சாகுறோம்"னு பனி மேல கல்லை விட்டெறிஞ்சவங்களும் உண்டு.

ஓடைத்தெருவுல மிச்சமிருந்த ஆளுக கொஞ்ச நாள் பனியோரம் உக்காந்து பார்த்துட்டுத் திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போயிட்டாங்க. சீனியம்மா மட்டும் போகல. மில்லுத் தாழ்வாரத்துலயே படுத்துக்கிட்டு, விடிஞ்சதும் பனிச்சுவத்துல வாயை வச்சு, "அழகு, ஏ அழகு, எந்திரிச்சியா?"ம்பா. பதிலு வராது. வேலைக்குப் போயிருவா. பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க.

மறுவருசம் மாசி மாசத்துல ஒரு கூட்டம் வந்துச்சு. தென்துருவத்துல பனி ஆராய்ச்சி பண்றவங்களாம், அங்க ஒரு பாளத்தைக் காணோம்னு தேடிக்கிட்டு இங்க வந்து நிக்கிறாங்க. அதுக்குத் தலைவி விமலபுஷ்பம்னு ஒரு எஞ்சினீயரம்மா, நாகர்கோவில்காரங்க. பனிக்குள்ள இருந்த காத்துக் குமிழைச் சோதிச்சுப் பார்த்துட்டு, தொலைஞ்ச ஆட்டைக் கண்டவங்க மாதிரி, "இது எங்க பனிதான்"னாங்க. தூக்கிட்டுப் போயிருவாங்களோன்னு எங்களுக்குப் பக்குன்னு ஆகிப்போச்சு. அந்தம்மா சிரிச்சுட்டு, "தூக்குறது எங்க வேலை இல்லீங்க, அடியில என்ன இருக்குன்னு வரையுறதுதான் எங்க வேலை"ன்னாங்க. அங்க பனிக்குக் கீழ மலை இருக்காம், பள்ளத்தாக்கு இருக்காம், ஏரிகூட இருக்காம், ஒரு மனுசக் கண்ணு பார்த்ததில்லையாம். மேல இருந்து ஒரு அலையை அனுப்பினா அது தரையில பட்டுத் திரும்பி வருமாம், வர எவ்வளவு நேரம் ஆச்சோ அதை வச்சு ஆழத்தைக் கண்டுபிடிச்சு, கோடு கோடாப் பறந்து, கோடு கோடாச் சேர்த்து, மறைஞ்சு கெடக்கிற நிலத்தைப் படமா ஆக்கிருவாங்களாம்.

கூட்டத்துக்குப் பின்னால நின்ன சீனியம்மா, "அம்மா, கிணத்துக்குள்ள கூப்பிட்டா திரும்பக் கேக்குமே, அந்த மாதிரியா?"ன்னா.

"அதே மாதிரிதாம்மா."

அவ்வளவுதான், அன்னையில இருந்து அந்தம்மா கூடவே திரிஞ்சா. மிஷினைச் சறுக்குப் பலகையில வச்சுப் பனி மேல இழுத்துக்கிட்டுப் போனாங்க, கயித்துல ஒரு முனை சீனியம்மா கையில. கண்ணாடித் திரையில ஓடைத்தெரு வந்துச்சு மாப்ள, நாங்களும் எட்டிப் பார்த்தோம், வீடு, கிணறு, சந்து, ஓடை, எல்லாம் சாம்பல் நிறத்துல. ஆளுகல்லாம் புள்ளி புள்ளியா நகர்றாங்க. ஓடைக்கரைக் கடேசி வீட்டுல, அடுப்பு கிட்ட, ஒரு சின்னப் புள்ளி. சீனியம்மா அந்தத் திரை மேல விரலை வச்சா. புள்ளி நகர்ந்துச்சு, விரலும் கூடவே நகர்ந்துச்சு.

"வளர்ந்திருக்காளாம்மா?"

"புள்ளியில அது தெரியாதும்மா"ன்னு சொன்ன எஞ்சினீயரம்மா முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

ஊரைக் கூட்டி அந்தம்மா ரெண்டு விசயம் சொன்னாங்க. ஒண்ணு, இந்தப் பனி இன்னும் ரெண்டு கோடைதான் தாங்கும், பிறகு தானா உருகிரும். ரெண்டு, அதுக்கு முந்தி ஆளை வெளியில எடுக்கணும்னா வெந்நீரும் கடப்பாரையும் உதவாது, வெயில்தான் வழி. உமி போட்டு மூடினா பனி காக்கும், அதே உமியை எரிச்ச கரியைத் தூவினா அந்த இடம் மட்டும் வெயிலை இழுத்துக் கிணறு மாதிரி இறங்கும், சரியா வீட்டு வாசலுக்கு மேல தூவணும், பிசகினா வீணாயிரும். எடத்தைப் படத்துல பார்த்து, கொல்லைச் சுவத்துல இருந்து அளந்துக்கிடணும். வெள்ளை வெளேர்னு கெடக்கிற பனி மேல வேற அடையாளம் கிடையாது. படத்தோட ஓரத்துல போட்டிருக்கிற அளவுக்கோட்டை வச்சு எப்படி அளக்குறதுன்னு சீனியம்மாவுக்கு நூலைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. படத்தைக் குருபாதம் கையில கொடுத்துட்டு, மேல எழுதி ஆள் அனுப்பச் சொல்றேன்னு தென்துருவத்துக்குப் போயிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல கூட்டம். சீனியம்மா வெளிவாசல்ல நின்னு கும்பிட்டா. "ஒரு ஆளு ஏற எறங்க ஒரு ஓட்டை போதும் சாமி. எம்பிள்ளையை மட்டும் எடுத்துக்கிடுறேன். நீங்க பனியை வச்சுக்கிடுங்க."

"ஓட்டைன்னா ஒண்ணோட நிக்குமா சீனியம்மா? குடத்துல ஓட்டை விழுந்த பிறகு குடத்துல என்ன இருக்கும்? அவங்கதான் உள்ள நல்லா இருக்காங்களே"ன்னாரு குருபாதம். அவரு சொன்னதுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க. ஐஸ் லாரி நின்னு போகும், ஊரு மறுபடி வேகும், உள்ள கெடந்தவங்க மொத்தமா எந்திரிச்சு வந்து ரேஷன் எங்க, ஓட்டு எங்கன்னு கேப்பாங்க. பனியை உமி போட்டு மூடிக் காக்குறதுன்னு முடிவாச்சு. உமி மில்லுல மலையாக் கெடக்கு. கொண்டுபோய்க் கொட்ட ஆளு வேணுமே, அதுக்கும் சீனியம்மாவைத்தான் வச்சோம். சரின்னு தலையாட்டிட்டுப் போனா.

பிறகுதான் குருபாதம் படத்தை விரிச்சாரு. விரிச்சவரு முகம் சுண்டிப்போச்சு. "என்னய்யா இது, தேரடித் தெருக் கொல்லையில ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரில்ல வந்திருக்கு! இதைக் கோயில் வாசல்ல மாட்டினா நாலு ஊர்க்காரன் பார்த்துக் காறித் துப்பமாட்டான்? பெரியவங்க வச்ச எடைவெளி எங்க?"

ஃபிளெக்ஸ் கடை தனபாலன் அங்கதான் நின்னான். "கம்ப்யூட்டர்ல பிடிச்சு இழுத்தா வந்துரும்ண்ணே, எவ்வளவு தள்ளணும்?"

"ஒரு கூப்பிடு தூரம்."

வீடு, கிணறு, சந்து, ஓடை, எல்லாத்தையும் அப்படியே கிழக்கே ஒரு கூப்பிடு தூரம் தள்ளி வச்சு, நடுவுல வெள்ளையா எடைவெளி விட்டு, அழகா அச்சடிச்சுக் கொண்டாந்தான். பார்க்கவே மனசு நிறைஞ்சு போச்சு மாப்ள. நிலத்துலதான் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க, படத்துலயாவது முறை முறையா இருக்கட்டுமே! அதுல ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. பழைய படத்தை எங்க போட்டோம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மாட்டின நாள்ல இருந்து சீனியம்மா படத்துக்கு முன்னால வந்து நிப்பா, கையில நூலை நீட்டி நீட்டிப் பிடிப்பா. ஏதோ நேத்திக்கடன், கும்பிடுறான்னு நினைச்சோம். பிறகு கூடையைச் சுமந்துக்கிட்டுப் பனி மேல ஏறிருவா. மேலாக்க உமி, அடியில பாய்லர்ல எரிஞ்ச உமிக்கரி. எல்லா எடத்துலயும் உமியைக் கொட்டினவ, நூலளந்து கயிறளந்து கண்டுபிடிச்ச ஒரு எடத்துல மட்டும் கரியைத் தூவியிருக்கா. பங்குனி பூராத் தூவியிருக்கா. எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வெயில்ல எவன் உமி மேல ஏறிப் பார்ப்பான்?

சித்திரையில ஒரு நாள், உச்சிப்பொழுதுல, பனி மேல தண்ணி சொட்டுற சத்தம் கேட்டு ஏறிப்போய்ப் பார்த்தா, மாப்ள, வாயைப் பொளந்துக்கிட்டு ஒரு கிணறு. கடப்பாரையில கயித்தைக் கட்டி உள்ள எறங்கிட்டா சீனியம்மா. எட்டிப் பார்த்தோம், தூரத்துல அவ சேலை மட்டும் தெரியுது.

"இங்க வீட்டைக் காணோமே!"ன்னு கத்துறா. "சாமி, மேல யாரு? இங்க கருவேலமுள்ளுதான் கெடக்கு, வீட்டைக் காணோம், ஓடையைக்கூடக் காணோம்!"



அவ அங்க நின்னுக்கிட்டு, "அழகு! ஏ அழகு!"ன்னு அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் போட்டா. பனிக்குள்ள, மேக்கால இருந்து, ஒரு பிள்ளைக் குரல், நல்லாத் தெளிவா, என் காதால கேட்டேன், "அம்மோவ்"னுச்சு.

"மேக்கால இருக்கா! எம்பிள்ளை மேக்கால இருக்கா!" அழறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. "தப்பா எறங்கிட்டேன் சாமி. எவ்வளவு தள்ளி எறங்கிட்டேன்? ஒரு வார்த்தை சொல்லுங்க, எவ்வளவு தூரம்?"

எங்க எல்லாருக்கும் தெரியும் எவ்வளவு தூரம்னு. தனபாலன் வாயெடுக்கப் போனான், குருபாதம் அவன் கையைப் பிடிச்சு அமுக்கினாரு. "சொன்னா, படம் பொய்யின்னு நம்ம வாயாலயே சொன்ன மாதிரி ஆயிரும்டா"ன்னாரு மெதுவா. பிறகு குனிஞ்சு, "சீனியம்மா, மேல வந்துரு, பேசிக்கிடலாம்"னாரு.

"வரமாட்டேன் சாமி. ஒரு கடப்பாரையை மட்டும் கீழ போடுங்க. நானே தோண்டிக்கிடுறேன்."

எங்ககிட்ட ஒரே ஒரு கடப்பாரைதான் இருந்துச்சு, அதுல அவ கயிறு கட்டியிருந்துச்சு. அதைக் கழட்டிப் போட்டா அவ எப்படி மேல வருவா? கிணத்து ஓரம் வேற பொலபொலன்னு இளகிக்கிட்டு வருது, அனல் உள்ள எறங்குது. இன்னும் ஒரு பொழுது திறந்து கெடந்தா பனி மொத்தமும் போச்சு. கூடை கூடையா உமி வந்துச்சு. மெதுவாத்தான் கொட்டினோம் மாப்ள, அவ மேல படாம ஓரமாத்தான் கொட்டினோம். கொஞ்ச நேரம் வரைக்கும், "எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம்"னு கேட்டுக்கிட்டே இருந்தா. பிறகு உமி அடைச்சுக்கிச்சு. மறுநாளே மேல பனி வளர்ந்துருச்சு. ரெண்டு நாளு எனக்குச் சோறு இறங்கல, சாமி சத்தியமா.

அடுத்த மாசியில எஞ்சினீயரம்மா வந்தாங்க. கோயில் வாசல்ல படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க. "யாரு இதை மாத்தினது?"

"மாத்தலம்மா, ஒதுக்கி வச்சிருக்கோம். எங்க ஊரு வழக்கம்"னாரு குருபாதம்.

"பாவிகளா! யாரும் பார்க்காத மலையைக்கூட நாங்க ஒரு முழம் பிசகாம வரையுறோம். எதிர்ல இருக்கிற வீட்டைத் தள்ளி வச்சிருக்கீங்களே!" படிச்சவங்க, என்ன பேச்சு பேசினாங்க தெரியுமா! மிஷினை மறுபடி இழுத்தாங்க, இந்தத் தடவை அவங்களே இழுத்தாங்க. தெரு அப்படியே இருக்கு. ஓடைக்கு அந்தப்பக்கம், முள்ளுக்காட்டுல, தன்னந்தனியா ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில இருந்து மேக்கே பார்த்து நூலாட்டம் ஒரு கோடு, பனியைச் சுரண்டிச் சுரண்டிப் போன தடம். ஓடைக்கரைக் கடேசி வீட்டுல இருந்து கிழக்கே பார்த்து இன்னொரு கோடு, அதைவிடச் சின்னது. ரெண்டுக்கும் நடுவுல இன்னும் பாதித் தூரம் கெடக்கு. எஞ்சினீயரம்மா திரை முன்னால உக்காந்து விக்கி விக்கி அழுதாங்க. மேலிடத்துல உத்தரவு வாங்கிட்டு வர்றேன்னு படத்தை எங்க கையில திணிச்சுட்டு வண்டியேறிப் போனாங்க, உத்தரவு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

புதுப் படத்தையும் முறைப்படி அச்சடிச்சு மாட்டணுமில்ல? தனபாலன் மறுபடி எல்லாத்தையும் பிடிச்சுக் கிழக்கே இழுத்தான். இழுத்ததும் அந்தத் தனிப் புள்ளி தாளை விட்டு வெளியில போயிருச்சு, அது தோண்டின கோடும் கூடவே போயிருச்சு. "தாளைப் பெருசாப் போடவாண்ணே?"ன்னான். "ஒரு புள்ளிக்காக எதுக்குடா?"ன்னுட்டாரு குருபாதம்.

அதனால இப்ப அந்தப் படத்துல கடேசி வீட்டுல இருந்து கிளம்புற சின்னக் கோடு மட்டுந்தான் இருக்கு, தாளோட ஓரத்தைப் பார்த்துப் போகுது. அச்சடிச்ச தாள்லயே வருசா வருசம் தானாக் கொஞ்சம் நீளுது. வெளியூர்க்காரங்க அதென்னன்னு கேட்டா எலி வளைன்னு சொல்லிருவோம். உங்ககிட்ட யாராச்சும் கேட்டா, நீங்களும் அப்படியே சொல்லிருங்க மாப்ள.